பூட்டும் கரையானும்

தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் பூட்டிக் கிடந்த கதையைத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. இராசராசன் என்று மரபு அடையாளம் காணும் சோழ மன்னன், நம்பியாண்டார் நம்பியோடு வந்து கதவைத் திறக்கச் சொல்கிறான். பாடிய மூவரும் வந்தால் திறக்கலாம் என்கிறார்கள் தில்லைவாழ் அந்தணர்கள். மன்னன் மூவரின் திருவுருவங்களையும் ஊர்வலமாகக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துகிறான். மறுக்க வழியில்லை, கதவு திறக்கிறது. உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருக்கிறது. எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கி எடுத்தபோது, சம்பந்தர் பாடியதாக மரபு கணக்கிடும் 16,000 பதிகங்களில் 400கூடத் தேறவில்லை. இது நடந்ததா, புனைந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடட்டும். கதையைக் கட்டியவர்களுக்கு ஏட்டின் இயல்பு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஏட்டுக்குப் பகை இரண்டு: பூட்டு ஒன்று, கரையான் மற்றொன்று. பூட்டியவர் காப்பதாக நினைத்தே பூட்டியிருப்பார். படிக்க ஆள் வராததால் படியெடுக்கவும் ஆள் வரவில்லை. ஆள் வராத இடத்தில் கரையான் குடியேறியது. ஆய்விதழ்களும் ஆய்வு நூலகங்களும் தாளைவிட்டுத் திரைக்கு இடம்பெயர்ந்த கடந்த முப்பது சொச்சம் ஆண்டுகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கதைதான் முன்னால் வந்து நிற்கிறது.

ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியாகும் வழியைப் பாருங்கள். ஆய்வாளர் பெரும்பாலும் மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கி, வரிப்பணத்தில் வந்த கருவியில் ஆய்ந்து, கட்டுரை எழுதுகிறார். அதை மதிப்பிடும் சக ஆய்வாளர்கள் பொதுவாகக் கூலி வாங்குவதில்லை. கட்டுரை ஏற்கப்பட்டதும் பதிப்புரிமையை இவர் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுக்கிறார். பிறகு இவருடைய பல்கலைக்கழக நூலகமே அந்த இதழுக்குச் சந்தா கட்டுகிறது. ஓய்வு பெற்ற பிறகோ, சந்தா கட்ட வசதியில்லாத கல்லூரிக்கு மாறிய பிறகோ, தன் கட்டுரையை இதழின் தளத்தில் பார்க்க வேண்டுமானால் இவரே பணம் கட்ட வேண்டியிருக்கும். பாடியவர் வந்தால் திறப்பேன் என்றாவது தில்லைக் கதவு சொன்னது. இது பாடியவர் வந்து நின்றாலும் திறக்காத கதவு.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1665இல் பாரிசிலும் லண்டனிலும் முதல் ஆய்விதழ்கள் தொடங்கியதிலிருந்து முந்நூறு ஆண்டுகளுக்கு அச்சுக்கோக்கவும் தாள் வாங்கவும் தபாலில் அனுப்பவும் காசு வேண்டியிருந்தது. சந்தா அதற்கான விலை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ராபர்ட் மேக்ஸ்வெல்லின் பெர்கமான் போன்ற நிறுவனங்கள் இதில் பெரும் பணம் இருப்பதைக் கண்டுகொண்டன. ஒரு கட்டுரைக்குப் பதிலாக இன்னொன்றை வாங்கிச் சமாளிக்க ஆய்வாளரால் முடியாது. அரிசி விலை ஏறினால் கேழ்வரகுக்கு மாறலாம். இங்கே அதற்கு வழியில்லை. 1991இல் எல்சவியர் பெர்கமானை வாங்கியது. அதே 1991இல், அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர், கட்டுரைகளை அச்சுக்கு முன்பே எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ள ஒரு கணினிச் சேமிப்பை ஏற்படுத்தினார். இன்று ஆர்க்சைவ் என்று உலகம் அறிவது அதுதான். ஒரே ஆண்டில் ஊன்றிய இரண்டு விதையும் மரமாகிவிட்டன. ஒரு பக்கம், படியெடுக்கும் செலவு ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. மறு பக்கம், எல்சவியரின் தாய் நிறுவனமான ரெலெக்ஸ் தன் அறிவியல் பதிப்புப் பிரிவில் 100 ரூபாய் வருவாய்க்கு 35 ரூபாய்க்கு மேல் லாபம் காட்டிக்கொண்டிருக்கிறது.

அறிவு யாருடையது என்ற கேள்விக்கு இந்தச் சண்டையில் இரண்டு பதில்கள்தான் அடிபடுகின்றன. எழுதியவரின் சொத்து, அவர் விற்றால் வாங்கியவரின் சொத்து என்பது ஒன்று. படிப்பவரின் உரிமை என்பது மற்றொன்று. திறந்த அணுகலுக்காக 2002இல் வெளியான புடாபெஸ்ட் பிரகடனம் முதல் இன்றைய இயக்கங்கள்வரை பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் நிற்கின்றன. சொத்து என்ற வாதம் எவ்வளவு பலவீனமானது என்பதை நம் நீதிமன்றமே காட்டியிருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடநூல் பகுதிகளைப் படியெடுத்துக் கொடுத்த ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடை மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்களும் 2012இல் வழக்குப் போட்டன. 2016இல் அதைத் தள்ளுபடி செய்த டெல்லி உயர் நீதிமன்றம், பதிப்புரிமை ஒன்றும் தெய்வம் தந்த உரிமையோ இயற்கை உரிமையோ இல்லை என்றது. சட்டம் ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்தது, அந்த நோக்கத்தின் எல்லைக்குள் நிற்க வேண்டியது. மறு வருடம் பதிப்பகங்களே வழக்கை விலக்கிக்கொண்டன. ஆனால் உரிமை என்ற வாதத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. உரிமை கேட்பவர் இன்று உயிரோடிருப்பவர். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டால் வழக்கு முடிந்துவிடும். நூறு வருடம் கழித்துப் படிக்க வருபவர் சார்பில் கேட்க யாரும் இல்லை.

மூன்றாவதாக ஒரு பதில் நம் மரபுகளில் இருக்கிறது: அறிவு என்பது கடன். பிறப்பவன் முனிவருக்கும் தேவருக்கும் முன்னோருக்கும் கடன்பட்டே பிறக்கிறான் என்கிறது தைத்திரீய சங்கிதை. முனிவருக்குப் பட்ட கடன் ஓதுவதால் தீரும். சமணர் இதை இன்னும் துல்லியமாக வகுத்தார்கள். உணவு, மருந்து, அபயம் ஆகியவற்றோடு சாத்திரத்தையும் தானமாக வைத்தார்கள். அறிவை மறைப்பதும், பிறர் அறிவதைத் தடுப்பதும், அறிவை இழிவுபடுத்துவதும் ஞானாவரணீயம் என்ற வினையைக் கட்டும் என்றார்கள்; மறைத்தவனின் அறிவையே அது திரையிட்டு மூடும். கடன் என்று ஒப்புக்கொண்டால் கணக்கு மாறிவிடுகிறது. கொடுத்தவர்கள் இறந்துவிட்டார்கள், அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. இனி வருகிறவர்களுக்குக் கொடுத்துத்தான் தீர்க்க வேண்டும். அப்படிக் கொடுக்க வேண்டுமானால் கதவு திறந்திருக்கவும் வேண்டும், உள்ளே பொருள் கெடாமல் இருக்கவும் வேண்டும். திறப்பதும் காப்பதும் ஒரே கடனின் இரண்டு தவணை. அச்சுக் காலத்து நூலகம் இரண்டையும் ஒன்றாகவே செய்துவந்தது: வாங்கிய இதழை அலமாரியில் வைத்ததே காப்பு, அதையே எடுத்துக் கொடுத்ததே அணுகல். டிஜிட்டல் உலகம் இவற்றைப் பிரித்துவிட்டது. எனக்குப் படுவது, இந்தப் பிரிவினையே இன்றைய ஆய்வு நூலகத்தின் அறச் சிக்கல். விலை இரண்டாம் பிரச்சினைதான்.

பிரிந்தது எப்படி என்று கேட்டால் பதில் ஒப்பந்தத்தில் இருக்கிறது. தாளில் வந்த இதழை நூலகம் வாங்கியது. அதை இரவல் கொடுக்கலாம், பைண்டு செய்யலாம், சந்தாவை நிறுத்தினாலும் பழைய இதழ் அலமாரியிலேயே இருக்கும். திரையில் வரும் இதழை நூலகம் வாங்குவதில்லை. பார்க்க அனுமதி வாங்குகிறது. கோப்பு பதிப்பகத்தின் சர்வரில் இருக்கிறது. 2009இல் அமேசான், விற்ற உரிமையில் சிக்கல் என்று சொல்லி, காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து ஆர்வெல்லின் நாவல்களை இரவோடிரவாக அழித்தது. அழிந்தவற்றில் 1984உம் ஒன்று என்பது நாவலாசிரியரே யோசிக்கத் தயங்கும் பொருத்தம். இந்தியாவில் 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்கள், 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும். சிறு நகரத்து அரசுக் கல்லூரி ஒன்றில் இருக்கும் வேதியியல் ஆசிரியருக்கு, ஐஐடி நூலகத்தில் கிடைத்த இதழ்கள் இப்போது கிடைக்கின்றன. இதை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. உரிமை என்ற அளவுகோலில் பார்த்தால் பெரிய வெற்றி. கடன் என்ற அளவுகோலில் பார்த்தால் கேள்வி வேறு: மூன்று ஆண்டு வாடகை முடிந்த மறுநாள் நம் நூலகங்களின் கையில், நமக்கே சொந்தமாக, என்ன இருக்கும்? இத்தனை கோடியைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசும் அரசு, விலையைப் பற்றிப் பேசுமளவுக்குச் சொந்தப் படியைப் பற்றியும் பேச வேண்டும்.

திறந்துவிட்டால் போதும், காப்பு தானே நடக்கும் என்று நினைப்பவர்களுக்குக் கரையானை நினைவூட்ட வேண்டும். கல்வி கொடுக்கக் கொடுக்கக் குறையாது என்பது நம் எல்லோருக்கும் பால்பாடம். அறிவைப் பொறுத்தவரை அது உண்மை. அறிவைச் சுமக்கும் பொருளைப் பொறுத்தவரை உண்மையில்லை. ஓலை உளுக்கும், தாள் பழுக்கும், வட்டு பழுதாகும், கோப்பு வடிவத்தைத் திறக்கும் மென்பொருள் வழக்கொழியும். நொடியில் படியெடுக்க முடிவதைப் பார்த்து, கோப்புக்கும் அறிவைப் போலவே அழிவில்லை என்று நம் காலம் மயங்குகிறது. 2000க்கும் 2019க்கும் இடையே 174 திறந்த அணுகல் ஆய்விதழ்கள் இணையத்திலிருந்து சுவடில்லாமல் மறைந்துபோனதை மூன்று ஆய்வாளர்கள் தேடிப் பிடித்துப் பட்டியலிட்டார்கள். அவற்றுக்குப் பூட்டே கிடையாது. எல்லோருக்கும் திறந்திருந்தன, எவர் பொறுப்பிலும் இல்லை. 2024இல் மார்ட்டின் ஈவ் என்ற ஆய்வாளர் 74 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வு வெளியீடுகளைச் சோதித்தபோது, ஏறத்தாழ 28 விழுக்காடு எந்தப் பெரிய காப்பகத்திலும் பாதுகாக்கப்பட்டதாகத் தெரியவில்லை. பெரிய நூலகங்களும் தப்பவில்லை: 2023 அக்டோபரில் கணினிக் கொள்ளையர் தாக்கி, பிரிட்டிஷ் நூலகத்தின் நூற்பட்டியல்கூட மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. அலமாரியில் நூல் பத்திரமாக இருந்தும், எங்கே இருக்கிறது என்று தேடித் தரும் வழி அடைபட்டுவிட்டது.

இதற்கு மாற்று என்ன என்பதைப் பத்தாம் நூற்றாண்டிலேயே ஒரு பெண் காட்டியிருக்கிறார். கன்னட நாட்டு அத்திமப்பே, பொன்னர் எழுதிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதச்செய்து பரப்பினார் என்று கன்னட இலக்கிய வரலாறு போற்றுகிறது. சாத்திர தானம் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உரை கிடையாது. ஆயிரம் வீடுகளில் ஆயிரம் படி இருந்தால் ஒரு வீட்டுக் கரையானால் நூலை அழிக்க முடியாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகம் 1999 வாக்கில் தொடங்கிய ‘லாக்ஸ்’ திட்டமும் இதைத்தான் செய்கிறது. பல படி இருந்தால் பொருள் பத்திரம் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே அதன் பெயர். காதுக்கு அது பூட்டுகள் என்று கேட்பது ஒரு வேடிக்கை. சேர்ந்துள்ள நூலகங்கள் இதழ்களின் படிகளைத் தத்தம் கணினியில் வைத்துக்கொண்டு, அவ்வப்போது ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒரு படி பழுதாகியிருந்தால் மற்றதைப் பார்த்துச் சரிசெய்கின்றன. ஏடு ஒப்புநோக்கும் பழைய வேலைதான், எழுத்தாணிக்குப் பதில் இயந்திரம்.

இங்கே ஒரு நேர்மையான தடை உண்டு. சமணரின் வரலாற்றிலேயே அத்திமப்பேக்கு நேரெதிரான சாட்சியும் இருக்கிறது. திகம்பரரின் மூல நூலான சட்கண்டாகமமும் அதன் உரையான தவளமும் கர்நாடகத்து மூடபித்ரியில் ஓலையில் இருந்தன. நூற்றாண்டுக் கணக்கில் அவை தரிசனத்துக்கு மட்டுமே. படிக்கவும் படியெடுக்கவும் தரப்படவில்லை. பெரும் முயற்சிக்குப் பிறகு படிகள் வெளியேறி, ஹீராலால் ஜெயின் பதிப்பில் முதல் தொகுதி 1939இல்தான் அச்சேறியது. ஆனால் பூட்டியிருந்தும் ஏடுகள் பிழைத்தன. பூட்டினால்தானே பிழைத்தன என்று ஒருவர் கேட்கலாம். தில்லையில் பூட்டு அழித்தது, மூடபித்ரியில் பூட்டு காத்தது. ஆகவே பூட்டைக் குறை சொல்லிப் பயனில்லை என்றும் வாதிடலாம். நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். இரண்டு இடத்திலும் ஒரே அறையின் தலைவிதியோடு நூலின் தலைவிதி கட்டப்பட்டிருந்தது. ஓரிடத்தில் அதிர்ஷ்டம் இருந்தது, மற்றதில் இல்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. வேறெங்கும் படியில்லாதவை போனது போனதுதான். 2005இல் ஈழத்துத் தமிழ் நூல்களை மின்படியாக்கத் தொடங்கிய நூலகம் திட்டம் அந்தச் சாம்பலிலிருந்து கற்ற பாடம். பூட்டிய ஒற்றைப் படி பிழைத்தால் நாம் கொண்டாடுகிறோம். பிழைக்காதவற்றின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

இதைவிடக் கூர்மையான இன்னொரு மறுப்பு உண்டு. கடன், தானம் என்று பேசும் இதே மரபு, வேதத்தைச் சூத்திரர் காதில் விழாமல் பூட்டி வைத்த மரபு அல்லவா? முனிவர் கடனைச் சொல்லும் அந்த வாக்கியமே பிராமணனைப் பற்றியதுதானே? ஆம். அதை மறைத்து மரபைத் திறந்த நூலகமாக வரைந்தால் அது பொய். மரபுக்குள்ளேயே பூட்டுக்காரரும் திறந்தவரும் சண்டையிட்டார்கள் என்பதே உண்மை. திருக்கோட்டியூரில் குரு காதில் சொன்ன மந்திரத்தை இராமாநுசர் கோபுரத்தில் ஏறி ஊரறியச் சொன்னதாக வைணவர் சொல்லும் கதை இந்தச் சண்டையின் உச்சம். குருவின் ஆணையை மீறினால் நரகம் என்று தெரிந்தே, கேட்டவர்கள் உய்ந்தால் நான் போகிறேன் என்றார். பணம் கட்டாத எவருக்கும் கோடிக்கணக்கான கட்டுரைகளைக் கொடுக்கும் சை-ஹப் தளத்தை 2011இல் தொடங்கிய அலெக்சாண்ட்ரா எல்பாக்யானை இந்தக் காலத்து இராமாநுசர் என்று கொண்டாடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதி உடன்பாடு. பூட்டு அநியாயமானது என்பதை அவரைப் போல உலகுக்குக் காட்டியவர் இல்லை. ஆனால் ஒரு தனிமனிதரை நம்பி நிற்கும் சேமிப்பு, வழக்குகளுக்குத் தப்பி முகவரி மாற்றிக்கொண்டே ஓடும் சேமிப்பு, திறக்கும் தவணையைத்தான் கட்டியது. இராமாநுசர் கோபுரத்திலிருந்து இறங்கி மடங்களையும் பொறுப்பாளர்களையும் ஏற்படுத்தினார். மந்திரம் நிலைத்தது அதனால்.

பதிப்பகங்கள் தரப்பையும் கேட்க வேண்டும். மதிப்பீட்டை ஒருங்கிணைப்பது, பிழை திருத்துவது, மோசடிக் கட்டுரைகளைக் களைவது, சர்வரைப் பராமரிப்பது எல்லாம் செலவுதான். பதிப்பாசிரியர் இல்லாத கட்டுரைக் குவியலை எவரும் விரும்பமாட்டார்கள். வேலைக்குக் கூலி கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஏடெழுதியவருக்கும் கூலி கொடுத்தார்கள். ஏடெழுதியவர் கூலி வாங்கிக்கொண்டு ஏட்டையும் எடுத்துப்போனதில்லை. உரிமை கைமாறினால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைச் சான்று: டெய்லர் அண்ட் பிரான்சிஸின் தாய் நிறுவனமான இன்ஃபார்மா, 2024இல் தன் வெளியீடுகளைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு மைக்ரோசாஃப்டுக்குத் தந்தது. செய்தி வந்த பிறகே தெரிந்துகொண்ட நூலாசிரியர்கள் பலர். பதிப்பகங்களே முன்வைக்கும் திறந்த அணுகலோ, பூட்டை வாசகர் வாசலிலிருந்து கழற்றி எழுதுபவர் வாசலில் மாட்டுகிறது. நேச்சர் இதழில் ஒரு கட்டுரையைத் திறந்து வைக்க 2021இல் கேட்ட கட்டணம் 9,500 யூரோ. கடனைத் திருப்பிக் கொடுக்க வருபவரிடம் வாசலில் சுங்கம் வசூலிப்பது போன்றது இது.

எல்லாவற்றையும் காக்க வேண்டுமா என்று சலித்துக்கொள்பவர்களும் உண்டு. பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட ஊர் இது. வருடத்துக்கு லட்சக்கணக்கில் குவியும் கட்டுரைகளில் பெரும்பகுதி மறக்கத் தக்கவை. சரி, மறப்போம். ஆனால் எதை மறப்பது என்று ஆராய்ந்து முடிவெடுத்து விடுவது ஒன்று. நிறுவனம் திவாலானதால், டொமைன் புதுப்பிக்காததால், ஒப்பந்தம் தீர்ந்ததால் தானாகப் போவது மற்றொன்று. ஆற்றில் விட்ட ஏடுகளில் சங்க நூல் எத்தனை போயிற்றோ என்று உ.வே.சா. காலத்திலிருந்து நாம் புலம்பிக்கொண்டிருக்கிறோமே, விட்டவர் எவரும் படித்துப் பார்த்து விடவில்லை என்பதனால்தானே.

ஆய்வாளர் செய்யக்கூடியது மலையைப் புரட்டும் வேலை இல்லை. முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்படியாகப் பெறச் சொல்லிப் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் விதி செய்தது. இன்று சோத்கங்கா தளத்தில் லட்சக்கணக்கான ஆய்வேடுகள், நம் சொந்தச் சேமிப்பில், எவருக்கும் திறந்திருக்கின்றன. கட்டுரைகளுக்கும் இதையே செய்யும்படி மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2014இல் கொள்கை வெளியிட்டன. பெரும்பாலான பதிப்பகங்கள், ஏற்கப்பட்ட கட்டுரையின் கடைசிப் படியை ஆசிரியர் தன் நிறுவனச் சேமிப்பில் வைக்க, உடனேயோ சில மாதம் கழித்தோ, அனுமதிக்கின்றன. அடுத்த முறை பதிப்புரிமைப் படிவம் வரும்போது, கையெழுத்திடும் முன் அந்த விதியை ஒரு முறை படியுங்கள். பிறகு அந்தப் படியை உங்கள் நூலகரிடம் கொடுங்கள். வாங்கி வைக்க ஏற்பாடில்லை என்று அவர் சொன்னால், ஏற்பாடு ஆகும்வரை போய்க் கேட்டுக்கொண்டே இருங்கள்.